உப்புக் குறைத்து, ஓட்டம் கூட்டி

விடிய ஐந்தரைக்கு
டண்டினோங் ஓடைப் பாதையில்
சப்பாத்து நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு
நான் ஓடத் தொடங்குவது
உடம்பு மெலிய என்றுதான்
பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்.
நான். தயாபரன்.
பிறகு, முதியோர் இல்லத்தில்
என்னோடு இரவு வேலை செய்யும் பவுலீன்,
மூன்று பையன்களுக்குப் பிறகு
மாரத்தன் ஓடி ஓடிப் பெண் பெற்றவள்.
"வயிற்றைக் காயப்போடு, மூச்சு வாங்க ஓடு.
வெளியே பஞ்சம் என்று கருப்பை நம்ப வேண்டும்.
பஞ்சத்தில் பெண்தான் வரும்"
என்றாள், யாரோ ஒரு கிழவரின் படுக்கை விரிப்பை
என்னோடு சேர்ந்து மடித்தபடி.

நான் பிறந்தது பொருளாதாரத் தடைக் காலம்.
சவர்க்காரத்துக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை.
எங்கள் ஒழுங்கையில் அந்த வருடம் ஏழு பிள்ளைகள்;
என்னைத் தவிர எல்லாம் பொடியன்கள்.
இதைப் பவுலீனுக்குச் சொல்லவில்லை.
சொன்னால் நம்பிக்கை கெட்டுவிடும்,
அவளுடையது அல்ல.

ஆகவே ஓடினேன்.
மே மாதம் மூன்று கிலோமீற்றர்.
யூலையில் ஏழு, காலடியில் உறைபனி நொறுங்க.
காலைச் சாப்பாடு இல்லை. வாழைப்பழம் இல்லை.
கறியில் உப்பு இல்லை.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது
எங்கள் வீட்டில் பழமொழி அல்ல,
செவ்வாய் இரவு தெருவோரம் தள்ளிவைக்கிற வாளி.
தயாபரனுக்குச் சைக்கிள் தடை.
சுடுதண்ணீர்த் தொட்டியில் இருபது நிமிடம்.
அவித்த நண்டுபோல் எழுந்து வந்து
"இன்னும் எத்தனை நாளைக்கு?" என்பார்.

எனக்கென்ன தெரியும்?
மேலுதட்டில் இறங்கும் வியர்வையை நக்கிப் பார்ப்பேன்.
கோப்பையிலிருந்து நான் துரத்திய உப்பெல்லாம்
அங்கேதான் ஒளிந்திருந்தது.

என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது.
பதினொரு வருடமாக ஒருவரும் உடுத்தாத பெயர்.
விலைத்துண்டுகூடக் கழற்றவில்லை.
இரண்டு முறை ஸ்கான் அறைக்கு எடுத்துப் போய்
இரண்டு முறையும்
திரும்பக் கொண்டுவந்து மடித்து வைத்தேன்.
பிறகு தாரகன் வந்தான். பிறகு கவியன்.
அந்த முகங்களைப் பார்த்த பின்னும்
பெயரை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.
பாவம் என்றால் பாவம்தான்.

செப்ரெம்பரில் மாக்பை துரத்தத் தொடங்கியது.
இரண்டாம் பாலம் தாண்டியதும்
பிடரிக்குப் பின்னால் இறக்கைச் சத்தம்,
காதோரம் டக்கென்று ஓர் அலகு.
அன்றைக்கு ஓடினேனே, அந்த வேகத்தில்
ஒரு மகளுக்காகவும் நான் ஓடியதில்லை.

இரத்தத்தைத் துடைக்கத் துணி பிடித்தபடி
தாரகன் விளக்கினான்:
"அது அப்பா மாக்பை. கூட்டுக்குள்ள முட்டை இருக்கு."
"ஆண் முட்டையோ, பெண் முட்டையோ?"
என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான்.
"அது முட்டை, அம்மா."

பின்னேரம் முழுக்க இரண்டு பேரும் மும்முரம்.
என் பழைய தொப்பியைச் சுற்றி
பிளாஸ்ரிக் கட்டுகளை முள்முள்ளாய்க் குத்தி,
பின்பக்கம் கறுப்பு மையால்
கவியன் இரண்டு கண் கீறினான்.
ஒன்று பெரிது. மற்றது மூக்கு மாதிரி.

அடுத்த நாள் நாலு கண்ணோடு ஓடினேன்.
பறவை கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது,
இறங்கவில்லை.
பாலத்தில் திரும்ப வேண்டியவள்
திரும்ப மறந்துபோய்
பூங்கா முடியும்வரை போய்விட்டேன்.
எந்தக் கணக்கிலும் சேராத ஒன்றரைக் கிலோமீற்றர்.

இன்றைக்கு இரண்டு நாள் பிந்தியிருக்கிறது.
தயாபரனுக்கு இன்னும் சொல்லவில்லை.
பெயரை எடுத்துப் பார்க்கவும் இல்லை.
பொடியன்கள் எழும்ப முதல்
அடுப்பை மூட்டி முட்டை பொரித்தேன்,
ஐந்து மாதத்துக்குப் பிறகு உப்புப் போட்டேன்.
கொஞ்சம் கூடத்தான்.